யாரும் மாற்றிப் பார்க்காத அமைப்புகள்

தம்பி, பினாங்கில் உன் அறைக்கு மின்விசிறி வந்துவிட்டதா, காலையில் பசியாறக் கடை கிடைத்ததா என்றெல்லாம் தொலைபேசியில் கேட்டுக்கொள்கிறேன். இது வேறு விஷயம். நீ கிளம்புவதற்கு முதல் நாள் மாலை நாம் மூவரும் சாப்பிட உட்கார்ந்தோமே, அப்போது நீ சொன்ன ஒரு வாக்கியத்தைப் பற்றியது. சிங்கப்பூரிலிருந்து உன் அப்பா அன்று மதியமே வந்துவிட்டார். சுதந்திர மாதத்துக் கொடிகள் இங்கே மலாக்காவில், நம் காஜா பெராங் சாலையில் இன்னும் இறக்கப்படாமல் இருந்தன. உன் புது நிறுவனம் பள்ளிகளுக்கும் கிளினிக்குகளுக்கும் சின்னச் சின்னக் கணினிப் பெட்டிகள் செய்கிறது என்றாய். அந்தப் பெட்டிகள் தொழிற்சாலையை விட்டு வெளியேறும்போது அவற்றின் கெர்னல் எதைத் திறந்து எதை மூடி, எந்தெந்த அமைப்புகளோடு போக வேண்டும் என்று தீர்மானிக்கும் குழுவில்தான் உன்னைப் போட்டிருக்கிறார்கள் என்றும் சொன்னாய். கெர்னல் என்றால் என்ன என்று அப்பா கேட்டார். மீன் குழம்பைப் பிசைந்துகொண்டே நீ விளக்கினாய்: "கம்ப்யூட்டருக்கு அடியில இருந்து எல்லாத்தையும் பார்த்துக்கிறது அதுதாம்ப்பா. யாருக்கு எவ்வளவு இடம், யாரு எந்தக் கதவைத் தொடலாம், எல்லாம் அது சொல்றபடிதான்." "அப்ப உங்கம்மா மாதிரின்னு சொல்லு" என்றார் அப்பா. நாம் சிரித்தோம். அதன் பிறகு நீ சொன்னாய்: "பெரிய வேலை ஒண்ணும் இல்லம்மா. மேலேருந்து, அதை எழுதுறவங்ககிட்டேருந்து, எப்படி வருதோ அப்படியே விட்டுருவோம். யாரு அதையெல்லாம் மாத்தப் போறா?"

அந்தக் கடைசிக் கேள்விக்குப் பதிலாகத்தான் இதை எழுதுகிறேன். யாரும் மாற்றப் போவதில்லை. அதனால்தான் அது பெரிய வேலை. நான் அதிகம் பேசுகிறவள் இல்லை. உன்னைப் பத்தொன்பது வயதில் பெற்றேன். இன்றைக்கும் புதிதாகப் பார்க்கிறவர்கள் என்னை உன் அக்கா என்று நினைத்துக்கொள்கிறார்கள், நான் திருத்துவதுகூட இல்லை. பேச வேண்டியதை எல்லாம் புத்தகங்களோடு பேசி முடித்துவிடுவது என் சுபாவம். ஆனால் இதை மட்டும் பத்திரிகைக்கும் அனுப்பலாம் என்று இருக்கிறேன். உன் பெயரும் இருக்காது, என் பெயரும் இருக்காது. உன்னைப் போல இப்படிப்பட்ட வேலைக்குப் போகிற பிள்ளைகள் இப்போது நம் வீடுகளில் நிறைய. அவர்களுடைய அம்மாக்களில் ஒருத்தியாவது இந்தத் தொழில் தெரிந்தவளாக இருந்து எழுதினால் நல்லது என்று தோன்றியது.

முதலில் நம் வீட்டுக் கிரில்லைச் சொல்கிறேன். உனக்கு நினைவிருக்கும், இருந்தாலும் சொல்கிறேன். நாம் இந்த வாடகை வீட்டுக்கு வந்தபோது பின்கதவுக் கிரில்லில் ஒரு பெரிய பூட்டு தொங்கியது. முன்பு குடியிருந்தவர்கள் மாட்டியது. சாவியை வீட்டுக்காரர் கொடுத்தார், அதை அலமாரியில் ஏதோ ஒரு டப்பாவில் போட்டோம், அவ்வளவுதான். துணி காயப்போட வேண்டுமென்றால் முன்வாசல் வழியாகப் போய் வீட்டைச் சுற்றிக்கொண்டு வருவோம். ஏன் என்று நீயும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. பூட்டியிருந்த வீட்டுக்கு வந்தோம், பூட்டியே வைத்திருந்தோம். பிறகு ஒரு நாள் பக்கத்து வீட்டு அடுப்படியில் எண்ணெய் பற்றிக்கொண்டது. அவர்கள் வீட்டுப் பின்கதவிலும் அதே மாதிரி கிரில், அதே மாதிரி பூட்டு. அந்த ஆண்ட்டி கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்க, உள்ளே அவர்கள் மகன் சாவியைத் தேட, வெளியே நாம் வாளியோடு நிற்க, சாவி கிடைத்துக் கதவு திறந்தபோது எல்லோருக்கும் முகம் வெளுத்திருந்தது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. வீட்டுக்கு வந்ததும் அப்பா நம் சாவியைத் தேடி எடுத்து, கதவை ஒட்டி உள்சுவரில் ஆணி அடித்து மாட்டினார். வெளியே இருந்து குச்சியை விட்டுத் திருடன் எடுத்துவிடுவானே என்றேன். "திருடன் வந்தா சாமான் போகும். தீ வந்தா நாமல்ல போவோம்" என்றார். நான் விடவில்லை. ஆணியைப் பிடுங்கி, வெளியிலிருந்து எந்தக் குச்சிக்கும் எட்டாத ஒரு மூலையில், ஆனால் புகையில் கண் தெரியாவிட்டாலும் கைக்கு அகப்படும் உயரத்தில் அடிக்க வைத்தேன். நீ கண்ணை மூடிக்கொண்டு நடந்து பார்த்தாய். கதவு ஒன்றுதான், ஆபத்து இரண்டு. ஒன்றுக்காகச் செய்வது மற்றதைக் கொஞ்சம் கூட்டும். எங்கே ஆணி அடிப்பது என்பதுதான் கேள்வி. நம் தொழில் முழுவதும் இவ்வளவுதான் என்று எனக்குப் பிறகு தோன்றியது.

இனி போன ஆண்டு நடந்ததைச் சொல்கிறேன். நீ பல்கலைக்கழகத்தில் கடைசிப் பருவத்தில் இருந்தாய், தேர்வு நேரம், அதனால் உனக்குப் பாதிதான் தெரியும். என் வேலையிடம் உனக்குப் பழக்கம்: சிறுநீரக நோயாளிகளுக்கு ரத்தம் சுத்திகரிக்கும் மையம், ஒரு சங்கம் நடத்துவது. அங்கே இருக்கும் கணினிகள் எல்லாம் என் பொறுப்பு. மருத்துவமனை ஆய்வகத்திலிருந்து நோயாளிகளின் பரிசோதனை முடிவுகள் நேரடியாக நம் திரைக்கு வரும்படி இணைப்புத் தர ஒப்புக்கொண்டார்கள். ஒரு நிபந்தனை: வெளியிலிருந்து ஒருவர் வந்து நம் கணினிகளை உடைக்க முயன்று பார்ப்பார், அதில் தேற வேண்டும். சங்கத்துத் தலைவர் திரு. பிள்ளை, கம்போங் செட்டிக்காரர், வீட்டிலும் மலாய் பேசும் மலாக்காச் செட்டி, என்னைக் கூப்பிட்டு மலாயில் மெதுவாகச் சொன்னார்: தேறாவிட்டால் கணினி வேலை முழுவதையும் கோலாலம்பூர் நிறுவனம் ஒன்றுக்குக் கொடுத்துவிடச் செயற்குழு முடிவு செய்திருக்கிறது, அப்படியானால் உன் பதவி இருக்காது, எனக்கு இதில் விருப்பமில்லை, ஆனால் என் ஓட்டு ஒன்றுதான். அவர் அதற்காக வருத்தப்பட்டுக்கொண்டு ஒரு பொட்டலம் பலகாரத்தையும் கையில் கொடுத்தார். வேலை போனால் மலாக்காவில் எனக்கு இதே போன்ற வேலை கிடையாது. தலைநகரத்துக்குப் போக வேண்டும், வீட்டைக் காலி செய்ய வேண்டும். பத்து பெரெண்டாம் என்ற ஊரின் தொழிற்சாலைகளில் கேட்டுப் பார்த்தேன், அவர்களுக்கெல்லாம் தலைமையகம் எங்கோ இருந்துகொண்டு பார்த்துக்கொள்கிறது. பலகாரத்தை அன்று இரவே தின்றுவிட்டேன்.

சோதனைக்குத் தயார் செய்ய சங்கம் ஒருவரை அனுப்பியது. வந்தது யார் தெரியுமா, உன் குணா மாமா. என்னோடு டிப்ளோமா படித்தவன், வகுப்பில் முதல் நாளிலிருந்து என்னோடு சண்டை போடுகிறவன், நீ பிறந்தபோது தொட்டில் கயிற்றுக்கு எத்தனை கிலோ தாங்கும் என்று கணக்குப் போட்டவன். பாதுகாப்பு வழிகாட்டி ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு கெர்னலின் ஒவ்வோர் அமைப்பாகப் பார்த்தான். அதில் ஒன்றைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன், நீ நாளைக்கு அதைத்தான் எதிர்கொள்வாய். சாதாரணப் பயனர் ஒருவர் தனக்கென்று ஒரு தனி அறை கட்டிக்கொள்ளக் கெர்னல் அனுமதிக்கும். அந்த அறைக்குள் அவர் தான்தான் முதலாளி என்று நினைத்துக்கொள்ளலாம். வெளியே அவருக்கு ஒரு அதிகாரமும் இல்லை. பல இயங்குதளங்களில் இந்த அனுமதி வரும்போதே திறந்துதான் வருகிறது. நல்ல காரணம் இருக்கிறது: இணைய உலாவிகள் அறியாத இடத்திலிருந்து வரும் பக்கங்களையும் படங்களையும் அப்படி ஓர் அறைக்குள் அடைத்துவைத்துத்தான் திறக்கின்றன. பக்கத்தில் விஷம் இருந்தாலும் அறையோடு போகும். மூடச் சொல்வதற்கும் நல்ல காரணம் இருக்கிறது: அந்த அறைக்குள் முதலாளி வேஷம் போடுகிறவன் கெர்னலின் பழைய மூலைமுடுக்குகளை எல்லாம் தட்டிப் பார்க்கலாம், எங்காவது ஓட்டை இருந்தால் வேஷம் நிஜமாகிவிடும். வழிகாட்டி மூடு என்றது. குணா எல்லாக் கணினிகளிலும் மூடினான், ஒரு வெள்ளிக்கிழமை மாலை. மறுநாள் எனக்கு விடுப்பு. அம்மன் திருவிழா, நம் சாலையை அடைத்துத் தேர் வந்தது, நான் பால்குடம் எடுத்திருந்தேன்.

சனிக்கிழமை காலை நோயாளிகள் நாற்காலிகளில் உட்கார்ந்துவிட்டார்கள். அதுவரை மின்னஞ்சலில் வந்துகொண்டிருந்த ஆய்வக அறிக்கைகளைப் பார்க்கும் செயலி திறக்கவில்லை. அது உள்ளுக்குள் ஓர் உலாவிதான், அறை கட்ட முடியாவிட்டால் எழ மாட்டேன் என்று செய்தி போட்டுவிட்டு நின்றுவிட்டது. தாதி லெட்சுமி சிஸ்டர் செயலி விற்றவர்களை அழைத்தார். அங்கிருந்த ஆள் தூரத்திலிருந்தே கணினிக்குள் வந்து, செயலியைத் தொடங்கும் கட்டளையின் கடைசியில் ஒரு சொல்லைச் சேர்த்தார்: அறை வேண்டாம். செயலி எழுந்தது. மற்றக் கணினிகளிலும் அப்படியே செய்தார். சிஸ்டர் நன்றி சொன்னார், நோயாளிகள் சிகிச்சை முடிந்து வீட்டுக்குப் போனார்கள். வேலை நடந்துவிட்டதால் யாரும் என்னிடம் சொல்லவில்லை. இதில் யார் செய்த தவறு என்று நான் பல நாள் யோசித்திருக்கிறேன். குணா வழிகாட்டியின்படி நடந்தான். சிஸ்டர் ஊசி போட்ட கையோடு நிற்கும்போது திரையைத்தான் பார்ப்பார், வேறென்ன செய்வார். அந்த ஆள் தன் வாடிக்கையாளரைக் காக்க வைக்கவில்லை. மூன்று பேரும் சரியாக நடந்துகொண்டு, மூவருமாகச் சேர்ந்து, வெளியிலிருந்து வரும் ஒவ்வொரு கோப்பையும் நோயாளிகளின் பதிவுகளுக்கு நடுவில் சுவரே இல்லாமல் திறந்துவைத்துவிட்டார்கள். பாதுகாப்புக்காக மூடிய ஒரு கதவு செய்த வேலை இது.

சில வாரங்கள் கழித்து வேறு எதையோ தேடும்போதுதான் நான் அதைப் பார்த்தேன். ஓடிக்கொண்டிருக்கும் செயலிகளின் வரிசையில் ஒரு வரி மட்டும் கொஞ்சம் நீளமாக இருந்தது, கடைசியில் அந்த ஒரு சொல். அன்றைக்கே குணாவைக் கிளேபாங்கில் ஒரு ரொட்டிக் கடைக்கு வரச் சொன்னேன். அலுவலகத்தில் சண்டை போட்டால் எல்லோரும் கேட்பார்கள்.

"கதவை மூடுன்னு சொன்னது தப்பா?" என்றான் உட்காருமுன்பே.

"நீ மூடினது ஒரு கதவு. அதுக்காக அவங்க உள்ள இருந்த சுவரை எல்லாம் இடிச்சிட்டாங்க."

"இடிச்சவன்கிட்ட போய்க் கேளு. நான் என்னா பண்ணேன்?"

"சுவர் இல்லாம அது ஓடாதுன்னு நீ ஓட்டிப் பார்த்தியா? வெள்ளிக்கிழமை மூடிட்டு வீட்டுக்குப் போயிட்ட."

"நீ பால்குடம் எடுக்கப் போயிட்ட" என்றான். எனக்குக் கோபம் வந்தது, வந்த கோபத்தில் எல்லாவற்றையும் பழையபடி திறந்துவிடுகிறேன், வரும்போது எப்படி இருந்ததோ அப்படியே இருக்கட்டும் என்றேன். தம்பி, நீ அன்று சாப்பிடும்போது சொன்ன அதே வார்த்தைதான். குணா என் பைக்குள்ளிருந்த மடிக்கணினியை எடுக்கச் சொன்னான். வீட்டில் நாம் வைத்திருந்தோமே, அந்தப் பழையது. கெர்னலை நான் வெகுநாளாகப் புதுப்பிக்காமல் வைத்திருந்தேன். சாதாரணப் பயனராக நுழைந்தான், ஏதோ தட்டினான், அறை ஒன்று கட்டினான், அறைக்குள் முதலாளி ஆனான். அதன் பிறகு திரையை என் பக்கம் திருப்பினான். வேஷம் கலைந்திருந்தது, கணினி முழுவதற்கும் அவன்தான் முதலாளி. கடை மாஸ்டர் நாங்கள் கேட்ட ரொட்டியை இன்னும் கல்லிலிருந்து எடுக்கவில்லை.

"திறந்து வை" என்றான். "தாராளமா திறந்து வை."

நான் மடிக்கணினியை மூடினேன். நாங்கள் ரொட்டியைத் தின்றோம். பாதி ரொட்டியில் நான் சொன்னேன்: "எல்லாருக்கும் திறக்க வேணாம். எல்லாருக்கும் மூடவும் வேணாம். அந்த ஒரு செயலிக்கு மட்டும் அறை கட்ட அனுமதி கொடுப்போம். வேற யார் கேட்டாலும் கிடையாது." அவன் சாம்பாரைத் தொட்டுக்கொண்டே யோசித்தான். செயலி ஒவ்வொரு முறை புதுப்பிக்கப்படும்போதும் இருக்கும் இடம் மாறும், அனுமதி அறுந்துபோகும், யாராவது உட்கார்ந்து மறுபடி எழுத வேண்டும், யார் எழுதுவது என்றான். நான் எழுதுவேன் என்றேன். ஒவ்வொரு முறையுமா என்றான். ஒவ்வொரு முறையும் என்றேன். "வேலை இருந்தா" என்றான். அவனுக்கும் தெரிந்திருந்தது.

இந்த இடத்தில் உன்னைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். உனக்குப் பதின்மூன்று பதினான்கு வயது இருக்கும்போது வீட்டுக் கணினியில் நீ எதைப் பார்க்கலாம் என்று நான் ஒரு பட்டியல் போட்டிருந்தேன். பட்டியலில் இல்லாத எதுவும் திறக்காது. வீட்டில் நீ அமைதியாக இருந்தாய், நானும் நிம்மதியாக இருந்தேன். பிறகு பார்த்தால் பள்ளி விட்டதும் கிளேபாங்கில் உன் கூட்டாளி வீட்டுக்குப் போய், அவனுடைய அண்ணன் கணினியில், ஒரு தடையும் இல்லாமல் எல்லாம் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாய். நான் திட்டுவேன் என்று எதிர்பார்த்தாய். நான் பட்டியலை எடுத்துவிட்டு உனக்குத் தனிக் கணக்குத் திறந்துகொடுத்தேன். சில கதவுகள் மட்டும் பூட்டியிருக்கும், ஏன் பூட்டியிருக்கிறது என்று ஒவ்வொன்றுக்கும் சொன்னேன். மற்றது உன் இடம், நான் எட்டிப் பார்க்க மாட்டேன் என்றேன். எனக்கே என் இடம் என்று ஒன்று இருந்தால்தான் மூச்சு விட முடியும், உனக்கு இருக்காதா. "நிஜமாவே பார்க்க மாட்டீங்களாம்மா?" என்று கேட்டாய். பார்க்கவில்லை. நீ கூட்டாளி வீட்டுக்குப் போவதும் குறைந்தது. முழுக்க அடைத்த இடத்தை மனிதர்கள் வேறு வழியாகச் சுற்றிக்கொண்டு போகிறார்கள், அந்தச் சுற்றுவழியில் நீ வைத்த காவல் எதுவும் இருக்காது. சிஸ்டரும் அதைத்தான் செய்தார்.

சோதனைக்கு முந்திய வாரங்களில் நாங்கள் இருவரும் சேர்ந்து வேலை செய்தோம், சண்டை போட்டுக்கொண்டே. பதிவுகளை வைத்திருக்கும் பெரிய கணினியில் உலாவியே கிடையாது, அங்கே அறை கட்டும் அனுமதியை முழுவதும் மூடினோம். அந்த விவாதத்தில் குணா ஜெயித்தான், ஜெயித்ததைச் சொல்லிச் சொல்லிக் காட்டினான். தாதிகளின் கணினிகளில் என் வழி. செயலி விற்றவர்களிடம் அந்த ஒரு சொல்லை எடுக்க வைக்க எத்தனை முறை பேசினேன் என்று கணக்கில்லை. உள்ளே இருக்கும் உலாவி பழையது, அதைப் புதுப்பித்துக் கொடுங்கள் என்றேன். அடுத்த பதிப்பில் என்றார்கள். அடுத்த பதிப்பு சோதனைக்குப் பிறகுதான் வரும். ஆக, ஓட்டை இருக்கும், சுவர் தாங்க வேண்டும். ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் சிஸ்டர் பக்கத்தில் நின்றுகொண்டு உண்மையான வேலையைச் செய்து பார்க்கச் சொன்னேன். கெர்னல் புதுப்பிப்பதற்காகக் கணினிகளை நிறுத்த வேண்டும் என்றபோது அவருக்குக் கோபம். "ரத்தம் மெஷின்ல சுத்திக்கிட்டு இருக்கும்போது உங்க கெர்னலுக்கு என்னா அவசரம்?" என்றார். நியாயமான கேள்வி. சிகிச்சை இல்லாத ஞாயிற்றுக்கிழமைகளுக்கு மாற்றிக்கொண்டோம்.

சோதிக்க வந்தவர் மிஸ் வோங். உன்னை விடக் கொஞ்சம் மூத்தவராக இருப்பார். அதிகம் பேசவில்லை, எனக்கு உடனே பிடித்துப்போனது. கூட்ட அறையில் திரு. பிள்ளை, குணா, சிஸ்டர், நான். வித்தியாசம் தெரியட்டும் என்று, மிஸ் வோங்கின் அனுமதியோடு ஒரு பழைய கணினியை மட்டும் அந்த ஒரு சொல்லோடு, சுவர் இல்லாமல், அப்படியே விட்டிருந்தோம். அதில் உண்மையான நோயாளிகள் யாரும் இல்லை; பொய்ப் பதிவுகளைச் சிஸ்டரிடம் தயாரிக்கச் சொல்லியிருந்தேன். மிஸ் வோங் ஆய்வகத்திலிருந்து வருவது போல ஓர் அறிக்கையை அனுப்பினார். சிஸ்டர் அதைத் திறந்தார். கொஞ்ச நேரத்தில் மிஸ் வோங்கின் திரையில் பெயர்கள் ஓடத் தொடங்கின, பெயருக்கு நேரே வியாதிகள். திரு. பிள்ளை கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படித்தார். யார் இந்தப் பரமேஸ்வரி, பாவம், ஒருவருக்கு இவ்வளவு வியாதியா என்று மலாயில் கேட்டார். சிஸ்டர் தலை குனிந்தார். "அது என் நாத்தனார் சார். நல்லாத்தான் இருக்காங்க." பட்டியல் முழுக்க நாத்தனார்களும் ஓரகத்திகளும். குணா மேசைக்கு அடியில் ஏதோ விழுந்ததைத் தேடுவது போலக் குனிந்துகொண்டான். திரு. பிள்ளை சிரிக்கவில்லை. எல்லாக் கணினியும் இப்படித்தான் இருந்ததா என்று என்னைக் கேட்டார். சில வாரங்கள் இருந்தது என்றேன்.

அடுத்தது நாங்கள் சரிசெய்த கணினி. அதே அறிக்கை, அதே சிஸ்டர், அதே சொடுக்கு. மிஸ் வோங் தட்டினார், நிறுத்தினார், மறுபடி தட்டினார். குணாவின் கால் ஆடிக்கொண்டே இருந்தது. எனக்கு வீடு நினைவுக்கு வந்தது, எதை முதலில் பெட்டியில் கட்டுவது என்றுகூட நினைத்தேன். செயலிக்குள் நுழைந்துவிட்டதாக அவர் சொன்னபோது திரு. பிள்ளையின் முகம் விழுந்தது. மிஸ் வோங் திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல் தொடர்ந்தார்.

"உள்ளே இருக்கிறேன். ஆனால் இங்கே ஒன்றுமே இல்லை. காலி அறை."

அந்த அறையிலிருந்து பதிவுகளைக் கேட்டார், கிடைக்கவில்லை. அங்கிருந்தே இன்னோர் அறை கட்டக் கேட்டார், மறுக்கப்பட்டது. பிறகு எழுந்து வந்து சிஸ்டரின் நாற்காலியில் உட்கார்ந்து, சாதாரணப் பயனராக, வேறொரு செயலியிலிருந்து குணா எனக்கு ரொட்டிக் கடையில் காட்டிய அதே வித்தையைச் செய்து பார்த்தார். முதல் படியிலேயே கெர்னல் மறுத்துவிட்டது. குணா காலாட்டுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தான். என் சுவர் தாங்கியது, அவன் கதவு தாங்கியது. நான் மட்டும் என் இஷ்டப்படி விட்டிருந்தால் இரண்டாவது முயற்சியில் போயிருப்போம். அவன் மட்டும் அவன் இஷ்டப்படி விட்டிருந்தால் முதலாவதில். மதியம் வரை அவர் வேறு வேறு வழியாக முயன்றார். கடைசியில் அவர் கண்டுபிடித்துத் தந்தது ஒன்றே ஒன்று: மூலையில் இருக்கும் அச்சுப்பொறி, கடையிலிருந்து வந்த அதே கடவுச்சொல்லோடு இருக்கிறது. நானும் குணாவும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். இத்தனை நாள் வரும்போதே இருக்கும் அமைப்புகளைப் பற்றியே சண்டை போட்ட இரண்டு பேர். அங்கேயே நின்று மாற்றினேன். தேர்ச்சி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

திரு. பிள்ளை அந்தத் தாளைச் செயற்குழுவுக்கு எடுத்துக்கொண்டு போனார். கோலாலம்பூர் நிறுவனத்தைப் பற்றிய பேச்சு அன்றோடு முடிந்தது. என் பதவி இருந்தது. சங்கத்தின் மற்ற மையங்களின் கணினிகளையும் நான்தான் பார்க்க வேண்டும் என்று திரும்பி வந்து சொன்னார். புதிதாக எந்தக் கணினி வந்தாலும் அதில் முதலில் ஏறுகிற அமைப்பு நான் தயாரித்ததாக இருக்கும். உன் நிறுவனத்தோடு ஒப்பிட்டால் சின்ன எண்ணிக்கைதான். ஆனால் அங்கேயும் யாரும் எதையும் மாற்றிப் பார்க்கப் போவதில்லை. நான் எதை வைக்கிறேனோ அதுதான் இருக்கும், நான் தூங்கும்போதும், நான் ஓய்வு பெற்ற பிறகும். அதனால் ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஏன் இப்படி வைத்தேன், இதனால் எதை இழக்கிறோம் என்று ஒரு வரி எழுதிவைக்கிறேன். நீயும் எழுது, தம்பி. மேலேயிருந்து வந்ததை மாற்றாமல் விடுவதும் சில நேரம் சரியான முடிவுதான். ஆனால் விட்டது நீயாக இருக்க வேண்டும். உன்னோடு சண்டை போடுகிற ஒருவரைப் பக்கத்திலேயே வைத்துக்கொள். முடிவு செய்த பிறகு, அதை உபயோகிக்கப் போகிறவர் ஊசி போட்ட கையோடு நிற்கும் நேரத்தில் என்ன ஆகும் என்று போய்ப் பார்.

தேறிய மறுநாள் காலை நான் சீக்கிரமே போய்விட்டேன். ஆய்வக இணைப்பை அன்றுதான் திறந்தார்கள். சிஸ்டர் எனக்குப் பின்னாலேயே வந்தார், முகத்தில் சந்தேகம். இவ்வளவு பெரிய சோதனை நடந்தது, இனிமேல் என்னென்ன கேட்கப் போகிறதோ, எத்தனை கடவுச்சொல்லோ என்று புலம்பிக்கொண்டே செயலியைத் திறந்தார். முதல் நாற்காலியில் உட்கார்ந்திருந்த பெரியவரின் ரத்தப் பரிசோதனை முடிவு ஆய்வகத்திலிருந்து நேராக வந்து திரையில் நின்றது. சிஸ்டர் அதைப் படித்தார், பொட்டாசியத்தைப் பார்த்துத் தலையாட்டினார், என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"என்னாம்மா, இவ்ளோ நாளா ராவும் பகலுமா உட்கார்ந்து என்னாதான் மாத்துனீங்க? எல்லாம் அப்படியேதானே இருக்கு."

பதிலுக்குக் காத்திருக்காமல் பெரியவரிடம் போய்விட்டார். கணினிக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டு நான் சிரித்தேன், தம்பி, சத்தமாக, வாயைப் பொத்திக்கொள்ளாமல். இத்தனை வருடத்தில் அந்தக் கட்டடத்தில் யாரும் என் சிரிப்பைக் கேட்டதில்லை. நான்கு நோயாளிகள் திரும்பிப் பார்த்தார்கள்.

உன் அம்மா